பழைய 911ஐ இருந்தபடி மீட்பதா, விரும்பியபடி மாற்றுவதா?

கேள்வி: ஜனவரி 12, 2025

"1972ஆம் ஆண்டின் போர்ஷே 911டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் அதை 1973இன் கரேரா ஆர்எஸ் என்ற விலைமிக்க 911 வகை போலத் தோன்றும்படி மாற்றியிருக்கிறார்: அகன்ற பின் மட்கார்டுகள், டக்டெயில் எனப்படும் வால் தூக்கிய எஞ்சின் மூடி, பிற்கால 911எஸ்சியின் 3.0 லிட்டர் எஞ்சின். வாங்கியதும் இவை அனைத்தையும் நீக்கி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே கொண்டுபோக எண்ணியிருக்கிறேன். மாற்றியமைத்த வண்டியில் போட்ட பணம் திரும்பாது, முறையாக மீட்டெடுத்த வண்டியில் போட்ட பணம் எப்படியும் திரும்பிவிடும் என்பது என் கணிப்பு. மாற்றுக் கருத்து உண்டா?"

ஜனவரி 12, இரவு

உண்டு. கணிப்பின் முதல் பாதியை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்களுக்காக வண்டியை முன்கூட்டியே பார்த்துச் சொல்வது என் தொழில். ஆகவே விற்பவரின் கோப்பிலுள்ள ரசீதுகளையும் அவர் கேட்கும் விலையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. முழுமையாக மீட்டெடுத்த வண்டிகளின் கோப்புகளில், ரசீதுகளின் கூட்டுத்தொகை விற்பனை விலையை விடக் குறைவாக இருந்தவை அரிது. விற்பவர்களில் பலர் அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. போட்டுப் பார்க்குமாறு நானும் வற்புறுத்துவதில்லை.

காரணம் எளிது. வண்டியைத் தகடு வரை உரித்து, துருப்பிடித்த பகுதிகளை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, பெயின்ட் அடித்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்துக் கட்டும் வேலை ஆயிரம் மணி நேரத்தைத் தொடுவது வழக்கம். இந்த வேலைக்கு வண்டியின் பின்னால் எந்த எழுத்து ஒட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. 1972இன் 2.4 லிட்டர் வரிசையில் 130 குதிரைத்திறன் கொண்ட டி, 165 கொண்ட இ, 190 கொண்ட எஸ் ஆகிய மூன்றுக்கும் உடற்கூடு ஒன்றே. துருப்பிடிக்கும் இடங்களும் ஒன்றே. பற்றவைக்கும் கூலியும் ஒன்றே. ஆனால் சந்தை எஸ்ஸுக்குக் கொடுக்கும் விலையை டிக்குக் கொடுப்பதில்லை. செலவைத் தீர்மானிப்பது துரு, விலையைத் தீர்மானிப்பது மாடல் என்ற இந்த இடைவெளியில்தான் டி வைத்திருப்பவரின் பணம் விழுந்து காணாமல் போகிறது.

மாற்றியமைத்த வண்டி விலை குறைவது வேறொரு காரணத்தால். முன்னவரின் ரசனையும் வாங்க வருபவரின் ரசனையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், திருப்பி மாற்றும் செலவை அவர் மனத்திலேயே கழித்துக்கொண்டு விலை சொல்வார். ஆகவே நான் முதலில் பார்ப்பது, மாற்றினார்களா இல்லையா என்பதை அன்று. மாற்றியதைத் திருப்ப முடியுமா, திருப்புவதற்கு எவ்வளவு ஆகும் என்பதையே.

ஜனவரி 13

அந்த வண்டியில் உடனே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1972 மாடலில் மட்டும் போர்ஷே எண்ணெய்த் தொட்டியை வலப்பக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, எண்ணெய் ஊற்றும் வாயை வலப்பக்கப் பின் மட்கார்டில், கதவுக்குச் சற்றுப் பின்னால், சிறிய மூடியொன்றின் கீழ் வைத்தது. பெட்ரோல் நிலையப் பணியாளர்கள் சிலர் அதுதான் பெட்ரோல் வாய் என்று நம்பி எண்ணெய்த் தொட்டிக்குள் பெட்ரோலை நிரப்பினார்கள். 1973 மாடலில் தொட்டி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அன்று எரிச்சலூட்டிய அந்த மூடிதான் இன்று 1972 வண்டியைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

ஆர்எஸ் 1973 மாடல். அதில் இந்த மூடி கிடையாது. ஆகவே 1972 வண்டியை ஆர்எஸ் ஆக்க முனைபவர் இதை மூடிப் பற்றவைத்துவிடுவதுண்டு. வலப்பக்கத்தில் அந்த இடத்தின் மேல் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை வைத்துப் பாருங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் என்றால் பொதுவாக 100 முதல் 200 மைக்ரானுக்குள் இருக்கும். பட்டி பூசிய இடத்தில் ஆயிரத்தைத் தாண்டும். கருவி இல்லையென்றால் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்துங்கள். பட்டியின் மேல் அதன் பிடி தளர்வது விரலுக்குத் தெரியும். பிறகு உள்பக்கமிருந்து விளக்கடித்துப் பாருங்கள். வெளியில் எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்திருந்தாலும், உள்ளே பற்றவைத்த சூடு தகட்டில் நீலமும் பழுப்புமாக வளையம் விட்டிருக்கும். அதன் மேல் கறுப்பு ரப்பர் பூச்சு மட்டும் புதிதாக இருந்தால், அந்தப் பூச்சு எதற்காக அடிக்கப்பட்டது என்று விற்பவரிடமே கேட்பது நல்லது.

ஜனவரி 15

திருப்ப முடியாத மாற்றம் என்று நான் சொன்னதற்கு எடுத்துக்காட்டுக் கேட்டிருக்கிறார்கள். செவர்லே கார்வெட்டை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1963ஆம் ஆண்டின் ஸ்டிங் ரே கூபேயில் பின்கண்ணாடி நடுவில் ஒரு பட்டையால் இரண்டாகப் பிரிந்திருந்தது. பட்டை பின்பார்வையை மறைக்கிறது என்ற குறை எழுந்தது. 1964இல் அது நீக்கப்பட்டு ஒற்றைக் கண்ணாடி வந்தது. 1963 வண்டி வைத்திருந்தவர்களில் பலர், தங்கள் வண்டியும் புது மாடல் போலத் தோன்றட்டும் என்று பட்டையை அறுத்தெறிந்துவிட்டு 1964இன் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள். அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் உரிய பட்டைக்காகத்தான் இன்று 1963 கூபேயைத் தேடி வாங்குகிறார்கள். அறுத்த வண்டிகளில் மீண்டும் பட்டை வைத்துக் கட்டுகிறார்கள். ஆனால் கண்ணாடியிழை உடலில் அந்த ஒட்டு எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்தவர்கள் முதலில் அங்கேதான் கைவைத்துப் பார்க்கிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட அளவுகோல்: ஸ்பானரால் செய்தது ஒரு வகை, ரம்பத்தாலும் பற்றவைப்பாலும் செய்தது மற்றொரு வகை. மின்னணு இக்னிஷன், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், ரேடியேட்டருக்கு மின்விசிறி, நல்ல பிரேக் பட்டைகள் ஆகியவை வண்டியை ஓட்டத்தக்கதாக்குகின்றன. ஒரு வார இறுதியில் கழற்றியும்விடலாம். தொடக்கக் கால ஜாகுவார் இ-டைப் 3.8இன் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ், அதாவது கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பு, கிடையாது. நெரிசலில் அதை ஓட்டிப் பார்த்தவர்கள் ஐந்து கியர் பெட்டிக்கு மாறுவதை நான் குறை சொல்லவே மாட்டேன். கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கழற்றிய பழைய பெட்டி எங்கே?

கழற்றிய ஒவ்வொரு பொருளையும் எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, பெயர் எழுதி மரப்பெட்டியில் வைத்திருந்த ஒருவரின் வண்டியைப் பார்த்திருக்கிறேன். வாங்க வந்தவர் அதுவரை மாற்றங்களைக் காட்டி விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். பெட்டியைத் திறந்ததும் பேரம் நின்றுவிட்டது.

ஜனவரி 15, சற்றுப் பின்

கேட்டவரின் வண்டியில் இந்த அளவுகோலை வைத்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. கண்ணைப் பறிக்கும் டக்டெயில் சில போல்ட்டுகளோடு போய்விடும். யாரும் கவனிக்காத பின் மட்கார்டுகளின் அகலம்தான் வெட்டியும் பற்றவைத்தும் செய்தது. உண்மையான ஆர்எஸ்ஸில் பின்சக்கர ரிம் 7 அங்குலம். அதற்கு இடம் கொடுக்கவே மட்கார்டு அகன்றது. நகல் செய்பவர்கள் ரிம்மையும் வாங்கி, மட்கார்டையும் வெட்டுகிறார்கள்.

ஜனவரி 19

மாற்றியமைத்த வண்டிகளே இப்போது அதிக விலைக்குப் போகின்றனவே என்று சிங்கரைக் காட்டிக் கேட்டிருக்கிறார் ஒருவர். மறுக்க முடியாத வாதம். 2009இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட சிங்கர், 964 வகை 911ஐ எடுத்து, தகடு வரை பிரித்து, கார்பன் இழை உடல் போட்டு, பழைய தோற்றமும் புதிய உறுப்புகளுமாகக் கட்டிக் கொடுக்கிறது. அவற்றில் சில, மறுவிற்பனையில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியிருக்கின்றன. எந்தச் சாதாரண 964ம், எவ்வளவு நேர்மையாக மீட்டெடுத்தாலும், அந்த விலையைக் கனவிலும் காணாது. அமெரிக்க ஏலங்களிலும் இதே கதைதான். 1950களின், 1960களின் கார்வெட் உடலுக்குக் கீழே புதிய சேஸிஸும் எல்எஸ் வகை வி8 எஞ்சினும் வைத்துக் கட்டிய ரெஸ்டோமாட்டுகள், சாதாரண எஞ்சினோடு பழையபடி மீட்டெடுத்த கார்வெட்டுகளை விஞ்சுவது வாடிக்கையாகிவிட்டது.

எனினும் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சிங்கரை வாங்குபவர் ஒரு பட்டறையின் கையொப்பத்தை வாங்குகிறார். அதே தரத்தில் பெயரறியாத ஒருவர் கட்டிய வண்டிக்கு அந்த விலை கிடைப்பதில்லை, ஏனெனில் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதற்கு வாங்குபவரிடம் வேறு சாட்சி இல்லை. பெயரற்ற மாற்றங்களைப் பரிசோதிக்கும்போது என் நேரத்தில் பாதி ஒயரிங்கிலேயே போகிறது. வண்ணம் தப்பாமல் தொழிற்சாலை போட்ட ஒயர் ஒரு வரைபடத்தோடு ஒத்துப்போகும். பின்னால் வந்தவர் கையில் கிடைத்த சிவப்பு ஒயரையே எல்லாவற்றுக்கும் இழுத்திருந்தால், அது எங்கே போய் முடிகிறது என்பதை அவரும் மறந்திருப்பார்.

இரண்டாவது, ரெஸ்டோமாட்டில் உள்ள புதுமை மூப்படையும். இருபது ஆண்டுகளுக்கு முன் டேஷ்போர்டை வெட்டிப் பொருத்திய திரையும் ஒலிப்பெட்டியும் அன்று விலையைக் கூட்டின. இன்று அவற்றை எப்படி எடுப்பது என்று கேட்கிறார்கள். தொழிற்சாலை போட்ட கடிகாரமுள் அப்படி மூப்படைவதில்லை, அது முன்பே பழையதாகிவிட்டது.

ஜனவரி 20

சிங்கர் 1960களின் வண்டிகளை வெட்டுகிறது என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். சிறு திருத்தம், எனக்கன்று, அவருக்கு. சிங்கர் 1960களின் வண்டிகளை வெட்டுவதில்லை. அது எடுத்துக்கொள்வது 1989 முதல் 1994 வரையிலான 964. தோற்றம் மட்டுமே முந்தைய காலத்தது.

அந்த நாகரிகத்தைப் பின்பற்றி, 1974க்குப் பிந்தைய 911களின் பம்பர்களையும் முன்பகுதியையும் வெட்டி, 1973க்கு முந்தைய முகத்தை வைத்துக் கட்டியவர்கள் பலர். அன்று விலை போகாத வண்டிகள் என்பதால் தயக்கமின்றி வெட்டினார்கள். வெட்டாமல் எஞ்சிய எஸ்சிகளைத் தேடி இப்போது ஆட்கள் வருகிறார்கள். ஃபெராரியிலும் இது நடந்ததுதான்: 250 ஜிடிஇ என்ற நான்கு இருக்கை வண்டி ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்ததால், 250 ஜிடிஓ நகல்கள் கட்டுவதற்கு அதன் எஞ்சினையும் சேஸிஸையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஜிடிஓ மொத்தமே 36தான் கட்டப்பட்டது, நகல்களுக்குப் பஞ்சமில்லை.

ஜனவரி 26

மீட்டெடுப்பதும் ஒரு மாற்றமே என்பதை யாரும் இன்னும் எழுதவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

2014 ஜனவரியில் ஸ்காட்ஸ்டேலில் நடந்த கூடிங் ஏலத்தில் இரண்டு மெர்சிடிஸ் 300 எஸ்எல் கல்விங் கார்கள் விலைக்கு வந்தன. ஒன்று பளபளவென்று மீட்டெடுக்கப்பட்டது. அது ஏறத்தாழ 14 லட்சம் டாலருக்குப் போனது. மற்றொன்று பல ஆண்டு கிடப்பில் கிடந்து, அழுக்கும் தேய்வுமாக, யாரும் கைவைக்காமல் வந்தது; அது ஏறத்தாழ 19 லட்சத்துக்குப் போனது. இரண்டு பேர் முட்டிக்கொண்டால் எந்த ஏலத்திலும் எந்த விலையும் எட்டும் என்பதால் இந்த ஒன்றை மட்டும் வைத்து நான் விதி வகுக்க மாட்டேன். ஆனால் இது தனித்து நிற்கவில்லை. 2020 ஜனவரியில், அதிகம் ஓடாத, பெரிதும் அசல் நிலையிலிருந்த 1971 டாட்சன் 240இசட் ஒன்று 3,10,000 டாலருக்கு விற்றது; அந்த மாடலுக்கு அதுவரை கேள்விப்படாத தொகை. 2024 ஆகஸ்டில் பெபிள் பீச் பழங்கார்ப் போட்டியின் தலைசிறந்த காராக 1934இன் புகாட்டி டைப் 59 ஸ்போர்ட்ஸ் தேர்வானது. மீட்டெடுக்காமல் பேணப்பட்ட வண்டி ஒன்று அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. பளபளப்புக்கே பேர்போன ஒரு புல்வெளியில் உரிந்த பெயின்ட்டோடு ஒரு வண்டி முதலிடம் வாங்கியதை இத்துறையில் இருப்பவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

பன்னாட்டுப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா 2013இல் வெளியிட்ட டூரின் சாசனமும் இதே வரிசையில்தான் பேசுகிறது: முதலில் பேணுதல், பிறகு பழுதுபார்த்தல், தவிர்க்க முடியாதபோதே மீட்டெடுத்தல்.

மீட்டெடுப்பின்போது எதை இழக்கிறோம் என்பதற்கு ஒரு காட்சி. இருக்கையைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினால், சில வண்டிகளில் தொழிலாளி சாக்கட்டியால் எழுதிய எண் அப்படியே இருக்கும்; சில இணைப்புகளில் முறுக்கிச் சரிபார்த்ததற்கு அடையாளமாகத் தூரிகையால் வைத்த மஞ்சள் பொட்டு இருக்கும். மணல் வீசித் தகட்டைச் சுத்தம் செய்யும்போது இவை முதல் நிமிடத்திலேயே போய்விடும். பின்னர் அதே பொட்டைப் படம் பார்த்துப் புதிதாக வைப்பார்கள், அதுவும் அளவுக்கு மீறி நேர்த்தியாக. மிகைப்படுத்தி மீட்டெடுப்பது ஒரு நோய்போலப் பரவியிருக்கிறது: தொழிற்சாலையில் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக இருந்த பெயின்ட்டைக் கண்ணாடியாக்குவதும், மங்கலாக இருந்த காட்மியம் முலாமுக்குப் பதில் குரோமியம் ஏற்றுவதும் அதன் அறிகுறிகள். கார்வெட் மீட்டெடுப்பவர்களுக்காக 1974இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சங்கமான என்சிஆர்எஸ், தொழிற்சாலை செய்ததை விட நன்றாகச் செய்திருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். குறையையும் குறையாகவே மீட்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

கேட்டவரின் வண்டிக்கு இது பொருந்தாது, அது ஏற்கெனவே வெட்டுப்பட்டது. கன்னி நிலையில் ஒரு வண்டி கிடைத்தவர்கள் மணல் வீசும் பட்டறைக்குப் போகும் முன் இதை ஒரு முறை படியுங்கள்.

பிப்ரவரி 2

எஞ்சின் எண் பற்றிய கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. நிதானமாகவே எழுதுகிறேன்.

எண் ஒத்திருத்தல் என்பது, சேஸிஸோடு தொழிற்சாலையில் சேர்க்கப்பட்ட அதே எஞ்சின் இன்றும் அதில் இருப்பது. கார்வெட், 911 போன்றவற்றில் இது விலையை வெகுவாக உயர்த்துகிறது. உயர்த்துவதால் போலியும் பிறக்கிறது. கார்வெட் எஞ்சினில் எண் குத்தும் சமதளத்தைத் தொழிற்சாலை எந்திரம் சீவும்போது மெல்லிய இணைகோடுகள் விழும். யாராவது பழைய எண்ணை அரைத்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருந்தால் அந்தக் கோடுகள் மறைந்திருக்கும், அல்லது உப்புத்தாளால் செயற்கையாக இழுக்கப்பட்டிருக்கும். செயற்கைக் கோடுகள் எழுத்தின் பள்ளத்தின் விளிம்பிலும் ஏறி ஓடும். உண்மையானவற்றில் கோடு முதலில் விழுந்தது, எழுத்து பிறகு குத்தப்பட்டது. பக்கவாட்டில் விளக்கைத் தாழ்த்திப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தால் எது முந்தியது என்பது தெரிந்துவிடும். 911இல் எண் விசிறிக்கு வலப்புறம் எஞ்சின் கூட்டில் குத்தப்பட்டிருக்கும். 1972இன் கூடு மக்னீசியக் கலவை, ஆகவே அரைத்த இடம் சுற்றியுள்ள மேற்பரப்போடு நிறத்தில் ஒட்டாது.

சட்டம் எஞ்சினை எப்படி மதித்தது என்பது இதற்கு நேரெதிர். இங்கிலாந்தில் பெரிதாக மாற்றிய வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளிகள் தேவை என்ற முறை 2025 வரை நெடுங்காலமாக இருந்தது. சேஸிஸ் அல்லது உடற்கூட்டுக்கு 5. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. சந்தை தலையில் வைத்துக் கொண்டாடும் எஞ்சினுக்கு அரசாங்கம் ஒரே ஒரு புள்ளி கொடுத்தது. எனக்கு அரசாங்கத்தின் கணக்கே அறிவுக்கு உகந்ததாகப் படுகிறது. பந்தயத்தில் ஓடிய வண்டிகளில் பல தம் முதல் எஞ்சினோடு மூப்படைந்ததில்லை.

1990இல் லண்டன் உயர்நீதிமன்றம் இதே கேள்வியைத்தான் கையிலெடுத்தது. ஓல்ட் நம்பர் ஒன் எனப்படும் பென்ட்லி 1929இலும் 1930இலும் லெ மான் பந்தயத்தில் வென்ற கார். பந்தயத்துக்குப் பந்தயம் அதன் உறுப்புகள் மாறின. 1932இல் புரூக்லண்ட்ஸில் ஓட்டுநர் உயிரிழந்த விபத்துக்குப் பின் அது கூபேயாகவே மறுபடி கட்டப்பட்டது. ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், இதில் அசல் உறுப்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுப் பின்வாங்கினார்கள். நீதிபதி ஓட்டன் உறுப்புகளை எண்ணித் தீர்ப்பளிக்கவில்லை. அந்தக் கார் இடைவெளியின்றி ஒரே காராகத் தொடர்ந்து இருந்துவந்திருக்கிறது, அதற்குப் போட்டியாக வேறொன்று இல்லை, ஆகவே இதுவே மெய்யான ஓல்ட் நம்பர் ஒன் என்று முடிவு செய்தார். வரலாற்றைக் காட்டும் தாள்கள் அந்த வழக்கில் எந்த உறுப்பையும் விட அதிகம் சாதித்தன. ஜாகுவாரும் போர்ஷேயும் ஃபெராரியும் தங்கள் பழைய வண்டிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கின்றன. வாங்கும் முன் அதைப் பெறுவதற்குச் செலவாகும் தொகை, வண்டிக்குச் செலவழிப்பதில் மிகச் சிறியது.

பிப்ரவரி 3

விற்பவர்கள் அனைவரிடமும் அசல் எஞ்சின் ஒரு நண்பரின் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அந்த நண்பர்களில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை.

பிப்ரவரி 16

மின்மோட்டாருக்கு மாற்றலாமா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. ஜாகுவார் 2017இல் இ-டைப் ஸீரோ என்ற மின்வண்டியைக் காட்டியபோதும், ஆஸ்டன் மார்ட்டின் 2018இல் டிபி6 வொலாண்டியில் மின்தொகுதியைப் பொருத்தியபோதும், இரு நிறுவனங்களும் அழுத்திச் சொன்னது பழைய எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வைக்கலாம் என்பதையே. தயாரித்தவர்களுக்கே அந்த வாக்குறுதி தேவைப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். மின்வண்டியாக்கியது வரலாற்று வண்டி என்ற வரையறைக்குள் வராது என்று ஃபிவா 2019இல் சொல்லிவிட்டது. மாற்ற வேண்டுமென்றால், எஞ்சின் ஏற்கெனவே இல்லாத வண்டியில் மாற்றுங்கள்.

மார்ச் 1

பற்றவைத்தது எல்லாம் விலையைக் கெடுக்கும் என்று நான் எழுதியதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அளவுகோலுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை காலம்.

ஸ்டீவ் மெக்குவீன் 1968இன் ஒரு திரைப்படத்தில் ஓட்டிய பச்சை மஸ்டாங், 2020 ஜனவரியில் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது; கட்டணங்கள் தனி. அதில் படப்பிடிப்புக்காகப் பற்றவைத்த கேமரா தாங்கிகள் அப்படியே இருந்தன, பெயின்ட் மங்கியிருந்தது, துருவும் இருந்தது. அந்தத் தாங்கிகளை அறுத்துவிட்டுத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோயிருந்தால் அது சாதாரண மஸ்டாங்காகிவிட்டிருக்கும். 911இலேயே சொல்வதானால் ஜெர்மனியின் ரூஃப் நிறுவனம் இருக்கிறது. அது 1987இல் கட்டிய சிடிஆர், போர்ஷே உடலை அறுத்துப் பற்றவைத்து, மழைநீர்க் கால்வாய்களை நீக்கி, மணிக்கு 339 கிலோமீட்டர் ஓடிய கார். அதைப் பழைய 911 ஆக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரைப் பட்டறைக்குள் விடக்கூடாது. ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான வரலாற்றுப் பதிவெண் விதியும் இதை ஏற்கிறது: வண்டியின் முதல் 10 ஆண்டுகளுக்குள் செய்த மாற்றங்கள் அதன் வரலாற்றைச் சேர்ந்தவை.

ஆகவே வெட்டியது யார், எப்போது, எதற்காக என்பதற்குத் தேதியிட்ட ரசீதோ புகைப்படமோ இருந்தால், வெட்டு வரலாறாகிறது. இல்லாவிட்டால் அது வெறும் வெட்டு. 1975இல் ஒரு பந்தயக் குழு அகலமாக்கிய மட்கார்டும், 2005இல் வாரயிறுதி உலாவுக்காக அகலமாக்கிய மட்கார்டும் பார்வைக்கு ஒன்றே. விலையில் அவை ஒன்றல்ல.

மார்ச் 9

கேட்டவர் வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். எண்ணெய் மூடி அடைக்கப்பட்டிருக்கிறது. மட்கார்டுகளை அகலமாக்கியதற்கு 2000களின் ரசீது இருக்கிறது, அதாவது வரலாறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 2.4 எஞ்சினின் கூடு கிடைத்துவிட்டது. எண் சேஸிஸின் ஆவணத்தோடு ஒத்துப்போகிறது. நண்பர் இந்த முறை மெய்யாகவே இருந்திருக்கிறார்.

என் கருத்து இது. கூடு இல்லாமல் வண்டியை வாங்க வேண்டாம். இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில், எண்ணைக் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள். ஆர்எஸ் தோற்றத்துக்கென்று கூடுதலாக ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ஆர்எஸ் 2.7 மொத்தம் 1,580 கட்டப்பட்டது. அவற்றின் சேஸிஸ் எண்களை வாங்குபவர்கள் மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள், ஆகவே அந்தத் தோற்றம் யாரையும் ஏமாற்றப் போவதில்லை. எண்ணெய் மூடியையும் மட்கார்டுகளையும் திருப்பும் செலவுக்கு ஒரு பட்டறையிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை விலையிலிருந்து கழியுங்கள்.

வாங்கிய பிறகு உடனே பிரிக்க வேண்டாம். 3.0 நல்ல எஞ்சின், அதோடு ஓட்டுங்கள். 2.4இன் உறுப்புகளை அவசரமின்றிச் சேர்த்துக் கட்டுங்கள். அமெரிக்காவுக்குப் போன டிக்கு எரிபொருள் இன்ஜெக்‌ஷன், ஐரோப்பாவில் விற்ற டிக்கு ஸெனித் கார்புரேட்டர் என்பதால், உங்களுடையது எந்தச் சந்தைக்குப் போனது என்று ஆவணத்தில் பார்த்த பின் வாங்குங்கள். தகடு வேலை துருவினால் தவிர்க்க முடியாததாகும்போது, அப்போதே மட்கார்டுகளையும் மூடியையும் சேர்த்துத் திருப்புங்கள். பெயின்ட்டுக்கு இரண்டு முறை கூலி கொடுப்பதுதான் இத்தகைய திட்டங்களைச் சாய்க்கிறது.

மார்ச் 10

எழுதாமல் விட்டது: 3.0ஐ இறக்கும் நாளில் அதை வண்டியோடு சேர்த்து விற்க எண்ண வேண்டாம். டக்டெயிலையும் 7 அங்குல ரிம்களையும் தனித்தனியே விளம்பரம் செய்யுங்கள். ஆர்எஸ் கட்டிக்கொண்டிருக்கும் இன்னொருவர் எங்கேயாவது இருப்பார். அவர் கொடுக்கும் தொகை 2.4இன் பிஸ்டன் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும்.